அம்மிக்கல் வைத்த தாள்கள்

நேற்று வந்த கல்யாணப் பத்திரிகையில் எழுத்துகள் புடைத்திருந்தன. விரலால் தடவியதும், கூடலூரில் என் மகள் ஜமீலா பத்தாம் வகுப்பு படித்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பள்ளியில் கொடுத்த பிரெயில் பலகையில் கெட்டித் தாளைச் செருகி, ஊசியால் குத்திக் குத்திப் பாடம் எழுதுவாள். புடைத்த புள்ளிகளைத் தடவித்தான் படிப்பாள். வரலாற்றுப் பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது. தாள்கள் சுருண்டு கிடக்கின்றனவே என்று நான் அடுக்கி, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டேன்.

மறுநாள் தடவிப் பார்த்தவள் அழுதாள். "எல்லாம் வழுவழுன்னு இருக்கே, என்னம்மா செஞ்சீக?"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆள் இருந்தால் வாசிக்கக் கூசும். கதவைச் சாத்திவிட்டு அவள் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். வெளியே ஜீப்காரர்கள் குமுளிக்கு ஆள் கூப்பிடும்போது மட்டும், யாருக்கும் கேட்காதென்று என் குரல் கொஞ்சம் உயரும். அவள் முதலிலிருந்து குத்தினாள்.

"ரொம்ப மெதுவா வாசிக்கிறேனாத்தா?"

"ஆமை கூட முந்திரும்மா. ஆனா டீச்சர் வாசிச்சா எங் கை பின்னாடியே ஓடணும். உங்க வேகந்தான் எனக்குத் தோது."

மூன்று நாளில் முடித்தோம். பாஸானாள்.

பத்திரிகையைப் பீரோவில் வைத்தேன். மேலே ஒன்றும் வைக்கவில்லை.