செல்வம்மாள் கண்ட கறுப்பு நாரை

செல்வம்மாள் வாயைத் திறந்தால் ஏரி இறால் முருங்கைக்காய் நீளத்துக்கு வளர்ந்துவிடும் என்பது ஊர்ப்பேச்சு. அதில் நியாயமும் இருந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. போன மார்கழியில் அவள் ஏரியில் ஒரு நாரையைப் பார்த்தாள். உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை, மூக்கும் காலும் சிவப்பு. ஒருத்தரும் நம்பவில்லை.

"அடுப்புக்கரில வுழுந்த பூநாரையா இருக்கும்" என்றான் கணவன் பூபதி. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வம்மாள் எத்தனையோ புளுகியிருக்கிறாள், ஒன்றுக்கும் வருந்தியதில்லை. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. இந்த மார்கழியில் அதை நாலு பேருக்குக் காட்டியே தீருவது என்று இருந்தாள்.

செல்வம்மாளைப் போலக் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கு வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. முழங்கால் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி கவிழும்.

ஒரு நாள் அவர்கள் ஏரியில் இருந்தபோது, கப்பல் வந்ததற்குக் கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள். ஏரிப் பறவைகள் மொத்தமும் எழும்பின. பழகிய சத்தம்தானே என்று பெண்கள் யாரும் நிமிரவில்லை. செல்வம்மாள் நிமிர்ந்தாள். எதிர் மணல்திட்டில் வந்து இறங்கியது அதேதான்! விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை போல நிதானமாக நடந்தது.

பறியைக் கடித்தபடி "ம்ம்! ம்ம்!" என்றாள். நண்டு கடித்திருக்கும் என்று ரங்கம்மாள் குனிந்தே இருந்தாள். கூப்பிட்டால் இறால் போகும், கூப்பிடாவிட்டால் மானம் போகும்.

"அடியே ரங்கம்மா! அங்க பாருடி!"

பறி கவிழ்ந்தது. நாரை மிரண்டு, கறுப்புச் சிறகை விரித்து அவர்கள் தலைக்கு மேலேயே பறந்தது. அண்ணாந்து பார்த்த பெண்கள் அத்தனை பேரும் "ஆ!" என்று வாயைப் பிளந்தார்கள். அத்தனை பறிகளும் தண்ணீரில் விழுந்தன.

அன்று தெருவில் ஒரு வீட்டிலும் இறால் குழம்பு இல்லை.

"இன்னாடி, வெறும் பறியோட வர்ற?" என்று ரங்கம்மாளைக் கேட்டான் அவள் புருஷன் துளசிங்கம்.

"கறுப்பு நாரய்யா! மூக்கு செவப்பு! சத்தியமா பாத்தேன்யா!"

"செல்வம்மாவோட சேராதேனு சொன்னேன், கேட்டியா?"

"அக்கா, நீயாவது சொல்லேன்!" என்று ரங்கம்மாள் அழாத குறையாகக் கூப்பிட்டாள். செல்வம்மாளுக்கு வயிறு குளிர்ந்துபோனது. வந்து பக்கத்தில் நின்று, நாரை எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினாள். கை கொஞ்சம் அதிகமாகவே விரிந்தது.

"ஆமாய்யா, அவ்ளோ பெரிசு!" என்றாள் ரங்கம்மாள்.