தாள் மட்டும் நீலமானது

1. கழுத்து

அந்தப் பெண்ணின் பின்கழுத்தைப் பார்த்ததும் யாரோ சூடு வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கறுத்துத் தடித்த தோல் உரிந்து, ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. சுடிதாரின் கழுத்துப்பட்டி உரசும்போதெல்லாம் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. நான் அங்கே டயட்டீஷியன். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. குழந்தைகள் நல டாக்டருக்கு அடுத்த அறை என்னுடையது. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அவர் என்னைக் கூப்பிட மணி அடிப்பதில்லை. தடுப்பில் இரண்டு தட்டு தட்டுவார், நான் எழுந்து போவேன்.

அன்று தட்டிய தட்டில் அவசரம் இருந்தது. உள்ளே கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த கௌசல்யாவும் அவள் அம்மா சரோஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். கௌசல்யாவுக்குப் பதினைந்து வயது. வயதுக்கு மிக அதிகமான எடை.

"அழுக்கு மேடம்," என்றார் சரோஜா. "எம்மாந் தேச்சாலும் போவ மாட்டேங்குது. தேங்கா நாரு, பீர்க்கங்கா நாரு, அல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஸ்கூல்ல புள்ளைங்க இவளாண்ட உக்கார மாட்டேங்குதுங்களாம்."

டாக்டர் இளைஞர், வேகமாகப் பேசுபவர். அன்று மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அம்மா, இது அழுக்கு இல்ல. ரத்தத்துல இன்சுலின் ஜாஸ்தியா சுத்துது. அதனால தோல் கறுத்துத் தடிக்குது. தேய்க்கறதை இன்னையோட நிறுத்துங்க. பிரச்சினை கழுத்துல இல்ல, உள்ள இருக்கு."

டெஸ்ட் முடிவுகள் அவர் சொன்னதையே சொல்லின. வெறும் வயிற்றில் எடுத்த இன்சுலின் மிக அதிகம். சர்க்கரை இன்னும் எல்லை தாண்டவில்லை, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் நின்றது. கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் இருபது வயதுக்குள் சர்க்கரை நோயாளி ஆகிவிடுவாள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

2. புளிக்காத ஆசிட்

அடுத்த முறை அப்பாவும் வந்தார். பெயர் தணிகாசலம். முன்பு விவசாயக் குடும்பம். நிலத்தின் பெரும்பகுதியை மனைகளாக விற்றுவிட்டு, மிச்சமிருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சிறுசேரி வரைக்கும் அவர் லாரிகள் போகும்.

கௌசல்யா முந்தைய நாள் என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். காலையில் ரொட்டியும் ஆம்லெட்டும். பள்ளியில் சிக்கன் பப்ஸ். மதியம் சோறு, கோழிக் குழம்பு. மாலையில் கூல்டிரிங்ஸ். இரவு பரோட்டா, மறுபடி கோழி. எத்தனை முறை கேட்டாலும் காய் என்று எதுவும் வரவில்லை.

டாக்டர் அந்த நாட்களில் ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். இறைச்சி, முட்டை, மைதா, கோலா பானங்கள் இவையெல்லாம் செரித்த பிறகு உடலில் அமிலத்தை மிச்சம் வைக்கின்றன. காய், கீரை, பழம் அந்த அமிலத்தைச் சமன் செய்கின்றன. இதனால் ரத்தமே அமிலமாகிவிடாது. சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் எடை கூடிய பிள்ளைகள் வருடக்கணக்கில் அமிலச் சுமை மிகுந்த உணவையே சாப்பிட்டால், இன்சுலின் வேலை செய்வது இன்னும் கடினமாகிறதோ என்பது அவருடைய சந்தேகம். முடிவான விஷயமில்லை என்று அவரே சொல்வார்.

இதைத் தணிகாசலத்துக்குப் புரியவைக்கும் வேலை எனக்கு வந்தது.

"அசிடிட்டியா மேடம்? நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர்ல ஒரு மருந்து கீதே, அத்த குட்த்தா போதுமா?"

"அது வயித்துல சுரக்கற ஆசிட் சார். நான் சொல்றது வேற. சாப்பாடு ஜீரணமான அப்புறம் உடம்புல தங்கறது. எலுமிச்சம்பழம்கூட இந்தக் கணக்குல நல்லதுதான்."

அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எலுமிச்சம்பயம் புளிக்குது, அது ஆசிட் இல்லன்றீங்க. கோயி புளிக்கவே இல்ல, அது ஆசிட்ன்றீங்க. இன்னா மேடம், கலாய்க்கிறீங்களா?"

கௌசல்யா முதல் முறையாகச் சிரித்தாள். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேஜை டிராயரிலிருந்து சிறுநீர் சோதிக்கும் தாளை எடுத்துக் காட்டினார். "அமிலம் ஜாஸ்தின்னா இது ஆரஞ்சா இருக்கும். காய் நிறைய சாப்பிட்டா பச்சைப் பக்கம் போகும், நீலப் பக்கம் போகும். இது மருந்து இல்ல. நீ சாப்பிடறதைக் காட்டற கண்ணாடி, அவ்வளவுதான்."

அன்று கௌசல்யாவின் தாள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் வந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3. நீலம்

இரண்டாவது முறை தாள் பச்சையாக வந்தது. மூன்றாவது முறை நீலம். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சூப்பர் கௌசல்யா! இவ்வளவு சீக்கிரம் யாரும் கொண்டு வந்ததில்ல." அவள் முகம் சிவந்துபோனது. அவள் உடம்பைப் பார்த்து யாரும் 'சூப்பர்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. எடை மெஷின் முள் நகரவில்லை. இடுப்பளவு குறையவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், முருங்கைக்கீரைப் பொரியல், வெள்ளரிக்காய், சுரைக்காய்க் கூட்டு என்று நான் எழுதிக் கொடுத்த வரிசையிலேயே சொன்னாள். மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை. இடையில் ஒரு பஜ்ஜியை மறந்துவிட்டுப் பிறகு ஞாபகம் வந்து சேர்ப்பார்கள். இவள் பாடம் ஒப்பித்தாள்.

மாலையில் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிட்லபாக்கத்து வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அவள் ஒப்பித்தது காதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் குக்கரை வைத்துவிட்டு விசில் எண்ண மறந்தேன். என் கணவர், "யாரோட சண்டை?" என்று கேட்டார். யாரோடும் இல்லை. எதையோ கேட்காமல் விட்டுவிட்டதுபோல மனசு அரித்துக்கொண்டே இருந்தது. கேள்வி எதுவென்றுதான் தெரியவில்லை.

அடுத்த முறை கௌசல்யா வந்துவிட்டுப் போன பிறகு டாக்டர் தடுப்பில் தட்டினார். "மேடம், எனக்கும் உறுத்துது. காய் மட்டும் சாப்பிட்டா இந்த அளவுக்கு நீலம் வராது. அடுத்த விசிட்ல ரத்தத்துல பொட்டாசியம் மாதிரி உப்பெல்லாம் பார்த்துடறேன். அவகிட்ட பிளட் டெஸ்ட் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அந்த வாரம் முழுக்க நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு நோயாளிகளிடம் பேசும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டே பேசினேன். கோவிலம்பாக்கத்துக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை.

4. லாரி

குறித்த நாளில் முற்பகல் வேளையில் மருத்துவமனை வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. வாட்ச்மேன், "இங்க நிறுத்தக் கூடாது" என்று ஓடினார். தணிகாசலம் டிரைவர் சீட்டிலிருந்து குதித்து, மறுபக்கம் போய் மகளைக் கைத்தாங்கலாக இறக்கினார். லாரியின் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை மூடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"கையி இஸ்துக்கிச்சி மேடம்! பாருங்க, பிரிக்கவே முடியல! காலைலேர்ந்து வாந்தி!"

கௌசல்யாவின் இரண்டு மணிக்கட்டுகளும் உள்பக்கம் மடங்கி, விரல்கள் குவிந்து விறைத்திருந்தன. உதடு துடித்தது. "மேடம், என் கை… என் கை…" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன். மரக்கட்டை மாதிரி இருந்தன.

உடனே ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். பொட்டாசியம் கீழே போயிருந்தது. அமிலத்துக்கு நேர் எதிரான காரத்தன்மை ரத்தத்தில் ஏறியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கௌசல்யா, நான் திட்ட மாட்டேன். என்ன குடிச்ச?"

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆப்ப சோடா சார்."

"யார் குடிக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. கெமிஸ்ட்ரி லேப்ல சோடா பட்டா லிட்மஸ் நீலமாகும்ல சார். இங்க வர்றதுக்கு முன்னாடி தண்ணில கலக்கிக் குடிப்பேன். பிளட் டெஸ்ட்னு சொன்னீங்க. ரத்தத்துல மாட்டிப்பேன்னு பயந்து நேத்துலேர்ந்து நிறைய குடிச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எதுவும் சொல்வதற்குள் தணிகாசலம் வெடித்தார். "இன்னா இல்லன்னு வச்சேன் ஒனக்கு? டெய்லி கறி, மீனு! எங்க ஊர்ல எவன் வூட்ல இப்புடி ஆக்கறான்? எதுக்கு இந்தக் கண்றாவியக் குடிச்ச?"

"காய் இல்லப்பா," என்றாள் கௌசல்யா.

தணிகாசலம் கட்டில் பக்கம் குனிந்தார்.

"அவங்க சொன்ன காய் நம்ம வூட்ல ஆக்கறதே இல்ல. அம்மாகிட்ட கேட்டேன், ஒனக்குத் தனியா ஆக்க நேரமில்லன்னாங்க. ஒங்ககிட்ட கேட்டேன், தழையத் துன்னா தெம்பு வருமான்னீங்க. சோறு மட்டும் எடுத்துக்கினு எழுந்தா திட்றீங்க. நான் இன்னா பண்றது? கலர் வந்தா டாக்டர் சார் சந்தோஷப்பட்டாரு."

தணிகாசலம் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரிக் குழாயை மூடிவிட்டு, அந்த ஈரத் தரையிலேயே நின்று முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மாலைக்குள் விரல்கள் இளகின. அவள் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

5. பெரிய குண்டான்

அவள் வீடு திரும்பிய வாரமே டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கோவிலம்பாக்கம் போனேன். மாடி வீடு, வாசலில் லாரிகள். பின்கட்டில் சரோஜா அடுப்பு முன் நின்றிருந்தார். அண்டா போன்ற ஒரு குண்டானில் கோழிக் குழம்பு கொதித்தது. குடும்பம் மட்டுமல்ல, டிரைவர்கள், கிளீனர்கள் எல்லோருக்கும் அவர்தான் சமையல். மதியமும் ராத்திரியும்.

"நீங்களே சொல்லுங்க மேடம்," என்றார். "இத்தினி பேருக்கு ஆக்கிட்டு அவளுக்குத் தனியா எப்புடி? டிரைவருங்க காய் வச்சா தட்ட தள்ளி வுட்டுடுவானுங்கோ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் ஒரு பெண்ணின் தட்டுக்குத் திட்டம் போட்டிருந்தேன். அந்த வீட்டில் தனித்தட்டு என்று ஒன்றே இல்லை.

வழி சொன்னது சரோஜாதான். "தனியா வேணாம். இதுலயே போட்டுடறேன். கருவாட்டுக் கொயம்புல கத்திரிக்காயும் முருங்கக்காயும் நெறைய போட்டா எவனும் கேக்க மாட்டான். கறியப் பாதியா கொறச்சிட்டு முள்ளங்கி போடறேன். கீரையப் பருப்போட கடைஞ்சுட்டா துன்னுடுவானுங்கோ."

தணிகாசலம் தன் பங்குக்கு, கூல்டிரிங்ஸ் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். தினமும் முதல் ஆளாக உட்கார்ந்து வெள்ளரிக்காயைக் கடித்தார். "ஓனரு மாடு மாரி தழை துன்றாரு" என்று டிரைவர்கள் சிரித்ததை அவரே வந்து என்னிடம் சொன்னார். சாயங்காலம் மகளோடு கிணற்றடி வரை நடந்துவிட்டு வந்தார். ஒரு நாள் அவருடைய சர்க்கரையையும் பார்த்தோம். அது ரொம்ப நாளாகவே எல்லை தாண்டியிருந்தது.

மாதங்கள் போயின. கௌசல்யாவின் எடை கொஞ்சம்தான் குறைந்தது. உயரம் கூடியிருந்தது, இடுப்பு இறங்கியிருந்தது. இன்சுலின் நன்றாகக் குறைந்துவிட்டது. கழுத்தின் கறுப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான் டாக்டரிடம், "உங்க ஆசிட் கணக்கு சரிதான் போல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "தெரியாது மேடம். அமிலம் குறைஞ்சதாலயா, கூல்டிரிங்ஸ் நின்னதாலயா, நடந்ததாலயா, யாரு சொல்ல முடியும்? எல்லாம் ஒண்ணாத்தான் மாறிச்சு." அதற்குப் பிறகு பிள்ளைகள் முன்னால் அந்தத் தாளை அவர் எடுத்துக் காட்டியதே இல்லை. சோதனை லேபில் நடக்கும். நிறம் எங்களுக்கு மட்டும் தெரியும்.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிள்ளையிடம் ஒரு நிறத்தைக் கேட்டால், அது அந்த நிறத்தை எப்பாடுபட்டாவது கொண்டுவந்துவிடும். உடம்பு வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். டயட் சார்ட்டை எழுதுவதற்கு முன்னால், வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஆளிடம் பேசுங்கள். கேட்காமல் விட்டோமே என்று அரித்த கேள்வி அதுதான் என்று எனக்குக் கோவிலம்பாக்கத்து அடுப்படியில் புரிந்தது.

பிளஸ் டூ தேர்வு வந்ததும் கௌசல்யா வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒரு நாள் சரோஜா மட்டும் தனியாக வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"எனக்கும் பாருங்க மேடம். கொஞ்ச நாளா கண்ண இருட்டினு வருது."

உட்காரவைத்து, காகிதத்தை இழுத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

சரோஜா முதலில் தன் வீட்டுக்காரர் சாப்பிட்டதைச் சொன்னார். மகள் டப்பாவில் கொண்டுபோனதைச் சொன்னார். எந்த டிரைவர் எத்தனை கரண்டி சோறு வாங்கினான் என்பது வரை சொன்னார். பிறகு நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி, என் மேஜையைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். தான் சாப்பிட்டது அவருக்கு ஞாபகம் வரவில்லை.