முப்பத்தேழு ஓடுகளும் ஒரு தப்பான முகவரியும்

சித்திரையில் இந்தப் பக்கத்தில் எழுதிய ஒரு பதிவை நீக்கிவிட்டேன். கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் பழைய துறைமுகத்தின் கரை கிடக்கிறது என்று ஆரவாரமாக எழுதியிருந்தேனே, அதுதான். அதை நம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வைகாசிக் கடைசி ஞாயிறு அங்கே என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தப்பைச் சொல்லும் சாக்கில், வாயடைத்துப் போய் நின்ற ஒரு காலை நேரத்தையும் சொல்லியாக வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு அறிமுகம். நான் தூத்துக்குடிக்காரி. துறைமுகத்துக்கு வரும் சரக்குப் பெட்டிகளின் தாள்களைச் சரிபார்க்கிற தனியார் அலுவலகம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், மண்ணின் மேலே தானாகக் கிடக்கும் சின்னச் சின்னப் பழைய பொருட்களைப் பதிவு செய்கிறேன். பானை ஓடு, சங்கு வளையல் துண்டு, கடுகளவு கண்ணாடி மணி, இப்படி. தோண்ட மாட்டேன், வீட்டுக்கு எடுத்து வரவும் மாட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, நோட்டில் எண் போட்டு, போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவேன்.

அன்று காலை 5.35க்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்துவிட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பழையகாயலில் 6.10. இரண்டு இட்லி, ஒரு வடை, டீ: 45 ரூபாய். முக்காணி ஆற்றுப்பாலம் என் வீட்டிலிருந்து 26 கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளே திரும்பி இன்னும் கொஞ்ச தூரம். ஊர்ப்பெயரை இந்த முறை எழுதப் போவதில்லை. எழுதிப் பட்டது போதும்.

தோட்டம் சொர்ணம் அக்காவுடையது. ஐம்பது வயது இருக்கும். ஒரு ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். அந்தத் தோட்டத்தில் ஐந்து ஞாயிறு அலைந்து முப்பத்தேழு பொருட்களைப் பதிவு செய்திருந்தேன். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பழைய கடற்கரை எங்கே இருந்தது என்று வரைபடம் போடுகிறார். என் பட்டியலைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில்தான் போனேன்.

வழக்கமாக வாய் நிறைய “வாங்க மேடம்” என்பவர், அன்று வரப்பிலேயே நிறுத்திவிட்டார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். நீங்க போன்ல எழுதுனதப் பாத்துட்டு மூணு தடவ ஆளு வந்துட்டு. கவர்மெண்டு தோட்டத்த எடுத்து வேலி போட்டுரும்னு ஊருக்குள்ள சொல்லுதாவ. நெசமா?”

“அப்படியெல்லாம் இல்லக்கா” என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு இடம் முக்கியமானது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

“எனக்கு இருக்கது இந்த ஒரு ஏக்கருதான். இதுக்கு வேலி போட்டா நான் எங்கன போவேன்? ஒரு மாசமா ராவு ஒறக்கம் இல்ல பாத்துக்கோங்க.”

நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே கூசியது. நான் ஆனந்தமாகப் பதிவு போட்டு, யார் யார் பாராட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த அதே ஒரு மாதம் இவர் தூங்கவில்லை. 

அப்போது ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, அந்த ஊர்க்காரர். இன்னும் வாழை வைக்காத பாதித் தோட்டத்துக்குள் இறங்கி, டிரெய்லரைத் தூக்கி மண்ணைக் கொட்டினார். கருகருவென்று மண் சரிந்தது. அதிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒன்று உருண்டு வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக ஒரு பானை ஓடு.

என் பட்டியலில் இருக்கிற ஓடுகள் மாதிரியே.

“அண்ணாச்சி, இது எங்க உள்ள மண்ணு?”

“கொளத்து வண்டல்லா. தாலுகா ஆபீசுல பர்மிட் வாங்கி வருசா வருசம் அள்ளுதது. அந்தா, வாழ நிக்க பாதிக்குப் போன வருசம் அடிச்சோம். இந்தப் பாதிக்கு இப்பம் அடிக்கோம். முப்பது நடைக்குப் பர்மிட். இது பதினாறாவது நட.”

“இந்த ஓடெல்லாம்?”

“ஓடு இல்லாம ஒரு நட வந்தது கெடையாது. சக்கரத்துக்குள்ள சிக்கிச்சுன்னா தூக்கி எறிஞ்சுட்டுப் போவோம்.”

நோட்டைப் புரட்டினேன். முப்பத்தேழு பொருளும் வாழை நிற்கிற பாதியில்தான் கிடைத்திருந்தன. இந்தப் பாதியில் ஒன்றுகூட இல்லை. அது ஏன் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தாள் இல்லாத பெட்டியை என் மேசையைத் தாண்ட விடமாட்டேன். பத்து வருடமாக அதுதான் என் சோறு. வயலுக்குக் குளத்து மண் அடிப்பது இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் மண் என்றால் அங்கேயே பிறந்து அங்கேயே கிடப்பது என்ற நினைப்பு.

சொர்ணம் அக்காவுக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிடம் ஆனது. “அப்பம் எங்க தோட்டத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லையா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். வரப்பில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“ஏளா, இந்த மண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ஒரு மாசம் என் உசுர வாங்கிட்டியே!”

‘மேடம்’ போய், ஊர்ப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி ‘ஏளா’ ஆகிவிட்டேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. “குளத்தைப் பார்க்கணும்க்கா” என்றேன். இரண்டு பேரும் டிராக்டரிலேயே ஏறிக்கொண்டோம். 2.3 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது மணி 8.20.

குளம் வறண்டு கிடந்தது. வடக்கு மூலையில் பொக்லைன் வெட்டிய பள்ளம் ஆள் உயரத்துக்கு இறங்கியது. சரிவு வழியாக உள்ளே போனேன். வெட்டிய சுவரில் மேலே கருத்த வண்டல். அதற்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், ஒரு சாண் கனத்துக்கு வெள்ளையாக ஒரு அடுக்கு, சுவரின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரைக்கும். சுண்ணாம்பு என்று நினைத்துக் கிட்டே போனேன்.

எல்லாம் சங்கும் சிப்பியும்.

திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் சங்கைப் பார்க்கிறவள் நான். ஆனால் இங்கே ஒன்றுகூட முழுச்சங்கு இல்லை. எல்லாம் வளையலுக்கு அறுத்து எடுத்தது போக மிஞ்சிய கழிவு. தலைப்பக்கம் அறுத்தது, வால்பக்கம் அறுத்தது, நடுத்தண்டு மட்டும் நிற்பது. அறுத்த இடம் இன்றைக்கும் வழவழப்பாக இருந்தது. ரம்பம் ஓடிய கோடுகூட அழியவில்லை. அறுக்கும்போது கோணிப்போய் பாதியில் விட்டது ஒன்றும் கிடந்தது. அந்த ஆள் அன்றைக்கு என்ன திட்டு வாங்கினாரோ! இடையிடையே திறந்து போட்ட சிப்பி ஓடுகள். வெயில் பட்ட இடத்தில் அவற்றின் உட்புறம் மின்னியது.

கடல் இங்கிருந்து இன்று ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. டிராக்டர் கொண்டு வந்து கொட்டாத, யாரும் தொடாத, போட்டவர்கள் போட்டபடியே கிடக்கிற ஒரு தொழில்கூடத்துக் குப்பை. எவ்வளவு பழையது என்று நான் சொல்லக்கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நான் சத்தம் போட்டு மூச்சுவிடவும் பயந்து நின்றேன்.

பின்னால் சொர்ணம் அக்கா நின்றார். இத்தனை வருடம் மண் வாங்கியும் குளத்துக்குள் இறங்கிப் பார்த்ததில்லையாம். அறுத்த சங்கு ஒன்றின் மேல் விரலை வைத்து, ரம்பத்தின் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

“முத்தண்ணாச்சி, இன்னும் பதினாலு நட இருக்குல்லா?” என்று இசக்கிமுத்து அண்ணாச்சியைக் கேட்டார்.

“ஆமா. இந்தச் செவர்லதான் அடுத்தது எடுக்கணும். மத்த மூலையில வெறும் மணலு. வண்டல்னா இங்கனதான்.”

ஒரு மாதத் தூக்கத்தைக் கெடுத்தவள், இனி அவருடைய மண்ணையும் நிறுத்தச் சொல்ல எந்த முகத்தோடு சொல்வது?

“வேண்டாம், விடுங்க” என்றார் அக்கா. “மெனக்கெட்டு ஒக்காந்து அறுத்திருக்காவ. நம்ம வண்டி ஏற வேண்டாம்.”

மறுநாளே ஊர் நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் படங்களோடு எழுதினேன். இரண்டு பேர் வந்து அளந்து, படம் எடுத்து, அந்த மூலையில் மண் அள்ள வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். பேராசிரியருக்கு அனுப்பிய பட்டியலில் முப்பத்தேழு இடத்திலும் ‘கண்ட இடம்’ என்பதை அடித்துவிட்டு, ‘குளத்து மண்ணோடு வந்தது’ என்று எழுதினேன். கை வலித்தது. வலிக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: கொற்கை வரை போங்கள், பார்க்க நிறைய இருக்கிறது. மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம், பத்து மணிக்குமேல் வெயில் தாங்காது. எனக்கு ஆன செலவு பெட்ரோல் 160, சாப்பாடு 45, தண்ணீர் 20. வயலுக்குள் இறங்கும் முன் உடையவரிடம் கேளுங்கள். இறங்கிய பிறகு, மண் எங்கிருந்து வந்தது, எந்த வருடம் அடித்தது என்று கேளுங்கள். கிடைத்ததைக் கழுவாதீர்கள், எடுக்காதீர்கள், அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். எழுதினால் யார் தூக்கம் போகும் என்று யோசியுங்கள்.

போன வாரம் சொர்ணம் அக்காவுக்குப் போன் போட்டேன். மண் போதாமல், புதிதாக வண்டல் அடித்த பாதியில் பாதி இடத்துக்குத்தான் இந்த வருடம் வாழை வைத்தாராம்.

“வருத்தமா இருக்காக்கா?”

“இல்லாம இருக்குமா? வருத்தந்தான்.” பிறகு அவராகவே சொன்னார்: “நேத்து மடை தொறந்துட்டாவ. கொளத்துக்குத் தண்ணி வந்துட்டு. சாயங்காலம் போயி கரையில நின்னு பாத்தேன். சங்கெல்லாம் மறுபடியும் தண்ணிக்குள்ள போயிட்டு, ஏளா.”