சாம்பல் நிறக் கட்டம்

எங்கள் பயிற்சி மையத்தில் எக்செல் சொல்லிக்கொடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒருவேளை மிஸ்'. ஒருவேளை வாடகை ஏறினால், ஒருவேளை பாதிப் பேர் வராமல் போனால் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மேலே எண்ணை மாற்றினால் கீழே லாபம் பச்சையாகவோ நஷ்டம் சிவப்பாகவோ தானாக வந்து நிற்கும். மாற்றக்கூடிய கட்டத்துக்கு மஞ்சள் அடிக்க வேண்டும். நம் கையில் இல்லாததற்குச் சாம்பல். பாசம் பார்த்து எதையும் சாம்பலாக்கக் கூடாது என்பது அவர் சட்டம். ஒரு பேக்கரிக் கணக்கில் மாஸ்டரின் சம்பளத்தை நான் சாம்பலாக்கியபோது, "உன் மச்சானா அவரு?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தார்.

மிஸ்ஸின் கணவருக்கு வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

மாலை வகுப்பில் என் இடம் ஆபீஸ் அறைத் தடுப்பை ஒட்டி இருந்தது. முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது. மாலை வகுப்பால் நஷ்டமாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி தெரியாவிட்டால் மூடிவிடுவாராம். மிஸ் கெஞ்சவில்லை. பசங்களே வழி கண்டுபிடிப்பார்கள், நீங்களே வந்து பாருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை முதலாளி பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "ஏதோ ஒரு பயிற்சி மையம்னு வெச்சுக்குங்க" என்று மிஸ் திரையில் கணக்கைப் போட்டார். வாடகை, மின்சாரம், கட்டணம், மாணவர் எண்ணிக்கை எல்லாம் மஞ்சள். ஆசிரியர் சம்பளம் மட்டும் சாம்பல்.

கட்டணத்தை ஏற்றினோம், குறைத்தோம். சின்ன அறைக்கு மாறினோம். ஏசியை அணைத்தோம். சிவப்பு அசையவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி உண்டு. எதற்கும் வாதாடுவதால் அவளை வக்கீலம்மா என்போம். அவள் எழுந்தாள். "அது மட்டும் ஏன் மிஸ் சாம்பல்? அந்த டீச்சர் உங்க நாத்தனாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். மௌஸின் மேல் மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. ஒப்பந்தம், சட்டம், ஏதாவது ஒரு பொய் சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் மன்றாடினேன்.

"சரியான கேள்வி" என்று சொல்லி அதற்கு மஞ்சள் அடித்தார்.

வக்கீலம்மா மிஸ்ஸின் கம்ப்யூட்டருக்குப் போய் அங்கே பூஜ்யம் போட்டாள். பாடத்தை வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டால் செலவு ஒரு தடவைதானே என்று விளக்கினாள். கட்டம் பச்சையானது. கைதட்டினார்கள்.

பின்னாலிருந்து முதலாளி பணிவாகத்தான் கேட்டார். "அந்த வீடியோவ நீங்களே எடுத்துக் குடுத்துருவீங்களா மேடம்?"

கைதட்டல் பாதியில் அறுந்தது. வக்கீலம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"குடுத்துடலாம் சார்" என்றார் மிஸ். பிறகு வக்கீலம்மாவின் பயிற்சித் தாளில் முழு மதிப்பெண் போட்டார்.

பல மாதங்கள் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனேன். மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரையில் ஓடிய வீடியோவில் மிஸ், "ஒருவேளை வாடகை ஏறினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். புதுப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கட்டத்துக்குப் போனார்.