பிரேக்கம்மாவின் பாட்டு

கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்திவந்த அந்த அம்மாளை ஊரில் பாதிப்பேர் பிரேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். பழக்குகிற காரில் சொல்லித்தருபவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அவர் கால் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் காலைவிட முந்திக்கொள்வது குரல். "நிறுத்து!" என்று ஒரு சத்தம் போட்டால் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, எதிரே வரும் சைக்கிள்காரரும் நின்றுவிடுவார். அடிவயிற்றிலிருந்து எழும்பும் கட்டைக் குரல். தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். "சார் இல்ல, மேடம். இப்ப சொல்லுங்க" என்பார், சலிப்பில்லாமல்.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் ஒரு காலத்தில் சினிமாவில் பாடினார் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பியதில்லை.

படிப்பை முடித்த கையோடு ஒரே ஒரு படத்தில் ஒரே ஒரு பாட்டு. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கதாநாயகி பாடுவது. பதிவு முடிந்ததும் இசையமைப்பாளர், "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்று கைகூப்பிக்கூடச் சொன்னார். ஆனால் படம் வெளிவந்து, வீட்டு ரேடியோவில் பாட்டு ஒலித்தபோது, கேட்டது ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக்குரல். இவர் பதறிப்போய் இசையமைப்பாளர் வீட்டுக்கு ஓடினார்.

"மைக் முன்னாடி நின்னா குரல் அப்படித்தாம்மா மாறும். உன் குரல் உன் காதுக்கு எப்பவுமே வேற மாதிரிதான் கேக்கும்" என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று இவரும் நம்பினார்.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. ரசிகர்கள் பாடியவருக்குச் சிட்டுக்குருவி என்று பட்டம் கட்டினார்கள். குருவியை நேரில் பார்க்க ஒரு மேடைக் கச்சேரிக்கு ஏற்பாடானது. மேடையில் ஏறி, தன் சுருதியில், தனக்குப் பழகிய வேகத்தில் முதல் அடியைப் பாடினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாவது அடிக்குள் யாரோ, "ஏய், இது அவ இல்ல! டூப்பு! காசைத் திருப்பிக் குடு!" என்று கத்தினான். பிறகு மொத்தக் கூட்டமும் கத்தியது. திரையை இழுத்து மூடினார்கள்.

அதன்பிறகு அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தக் கீச்சுக்குரலை எட்டிப்பிடிக்க முயன்றார். எட்டவில்லை. தொண்டைதான் புண்ணாகி, வெந்நீரும் மௌனமுமாகப் பல வாரங்கள் போயின. கோளாறு தன் தொண்டையில்தான், என்றோ ஒருநாள் தப்பித்தவறி நன்றாகப் பாடிவிட்டோம், இனி வராது என்று முடிவுகட்டிக்கொண்டார். பாட்டை ஓரங்கட்டிவிட்டுக் காரோட்டக் கற்றார். பிறகு பிறருக்குக் கற்றுக்கொடுத்தார். கீழே பள்ளி, மாடியில் வீடு. கணவரை இழந்த அக்கா வந்து கூட இருந்துகொண்டாள். சிட்டுக்குருவியைப் பற்றி அக்கா தங்கை இருவரும் வாயே திறப்பதில்லை.

அப்படியிருக்க, ஒரு ஒலிப்பதிவுக்காரர் அவரிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடும் கம்பெனியில் வேலை. நடுவயது, தொப்பை, ஸ்டியரிங்கைக் கண்டால் நடுக்கம். ஒருநாள் சிக்னலில் பக்கத்து ஆட்டோவிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. பிரேக்கம்மா கண்ணாடியை ஏற்றப் போனார்.

"இந்தப் பாட்டுதான் மேடம் இப்ப என் மேசைல இருக்கு. கொஞ்சம் இடிக்குது" என்றார் அவர். "யாரோ வேணும்னே வேகமா ஓடவிட்டிருக்காங்க."

விளக்கு பச்சையானது. வண்டி நகர்ந்தது. பிரேக்கம்மாவின் கால் தன்பாட்டுக்குப் பிரேக்கை மிதித்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"என்ன சொன்னீங்க?"

"நான் கிளட்ச்ச சரியாத்தான் மேடம் விட்டேன்..."

"கிளட்ச் கிடக்கட்டும் சார். பாட்டைப் பத்தி என்ன சொன்னீங்க?"

மறுநாள் மதியம் அவருடைய ஒலிக்கூடத்துக்குப் போனார். காரில் வாழையிலை மாதிரி நடுங்கும் மனிதர் அங்கே ராஜா மாதிரி சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் பாட்டு அலை அலையாக ஓடியது. அடியில் மெல்லிய ஒரு கோடு.

"இது கரன்ட் இரைச்சல் மேடம். அந்த ஸ்டுடியோவுல எப்பவும் 'ம்ம்'னு ஒரு முனகல் உண்டு. பதிவுல அதுவும் சேந்து விழுந்துடும். அதே சமயத்துல அங்க எடுத்த மத்த பாட்டுல எல்லாம் முனகல் ஒரே இடத்துல நிக்குது. இதுல மட்டும் மேல ஏறி நிக்குது. கரன்ட் எங்கயாவது ஒரு பாட்டுக்காகச் சுருதி மாத்துமா? டேப்பை வேகமா ஓட்டினாத்தான் இப்படி ஏறும். எல்லாம் சேந்து ஏறும். இரைச்சல், வாத்தியம், குரல் எல்லாம்."

"எதுக்கு ஓட்டினாங்க?"

"கதாநாயகிக்கு இந்தக் குரல் கனமா இருக்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. வேற எதுக்கு?"

ஒலிப்பதிவுக்காரர் பாட்டின் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கோடு இறங்கி, மற்ற பாட்டுகளின் கோடு நின்ற இடத்தில் வந்து நின்றது. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் பாடினாள். கனத்த, ஆழமான, அவசரமே இல்லாத குரல். ஊஞ்சல் இப்போதுதான் நிஜ ஊஞ்சலைப்போல் நிதானமாகப் போய் வந்தது.

பிரேக்கம்மா அழவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "மைக் முன்னாடி குரல் மாறுமாம்" என்றார். பிறகு எழுந்தார். "இதுல எனக்கு ஒரு பிரதி குடுங்க சார்."

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள். ஓரிடத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டதும், "இது நீதான்டி! மாடிப்படி ஏறினா இப்படித்தான் இழுப்ப!" என்றாள்.

"அப்ப இத்தனை நாளா யாருன்னு நெனச்ச?"

அக்கா கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரமே கம்பெனி மேலாளரின் முன்னால் பிரேக்கம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டும் சேர்ந்த பழைய பாட்டுத் தொகுப்பு வெளிவர இருந்தது. மேலாளர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். பாட்டின் இரண்டு ஓட்டங்களையும் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மைதான் மேடம். ஆனா ஜனங்க மனசுல பதிஞ்சது வேகமானதுதானே? எங்க அப்பா அதைப் போட்டுத்தான் என்னைத் தூங்கவைப்பாரு."

"உங்க அப்பா உங்களைத் தூங்கவச்சாரு. என்னை யாரு தூங்கவிட்டா?"

மேலாளர் யோசித்தார். தொகுப்பின் கடைசியில் கூடுதல் பாட்டாக இதையும் சேர்க்கலாம், 'மெதுவாக்கப்பட்ட வடிவம்' என்று போட்டுவிடலாம் என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

"தம்பி, இது மெதுவாக்கினது இல்ல" என்றார் பிரேக்கம்மா. "நான் பாடினது. அதைப் பிடிச்சு வேகமாக்கினீங்க. போடறதா இருந்தா அதுமேல 'வேகமாக்கப்பட்டது'ன்னு போடுங்க. இதுமேல வெறும் பாட்டுப் பேரு போதும்."

"அப்படிப் போட்டா வாங்கறவங்க குழம்பிடுவாங்க மேடம்."

"குழம்பட்டும். நான் குழம்பலியா?"

"கொஞ்சம் விட்டுக்குடுத்தா உங்க குரல் வெளிய வரும். யோசிச்சுப் பாருங்க."

"பொய்ப் பேரோட வரவேணாம்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டார்.

தொகுப்பு கீச்சுக்குரலோடு மட்டும் வெளிவந்தது. ஒலிப்பதிவுக்காரர் வகுப்புக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் இணையத்தில் மாற்றிவைத்துவிடட்டுமா என்று கிசுகிசுத்தார். "நீங்க இதுல தலையிடாதீங்க சார். உங்களுக்கு வேலை இருக்கு. எனக்கு வாய் இருக்கு. ரோட்டைப் பாருங்க."

வானொலியில் சனிக்கிழமை காலைகளில் நேயர்கள் தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரேக்கம்மா கூப்பிட்டு அந்தப் பாட்டைக் கேட்டார். "நல்ல தேர்வு சார்" என்றாள் அறிவிப்பாளினி.

"சார் இல்ல, மேடம். நீங்க போடப்போறது வேகமா ஓட்டினது. நான் பாடினது இப்படி..." என்று முதல் அடியை எடுத்தார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. கீச்சுக்குரல் ஒலித்தது.

அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார். இரண்டாவது அடிவரை போனார். அதற்கடுத்த வாரம் அவர் எண்ணை எடுக்கவே இல்லை. விடுவாரா? வண்டி ஓட்டப் பழக வந்த கல்லூரிப் பெண்ணின் போனை வாங்கினார். பிறகு அங்கே பழகும் ஒரு பல்மருத்துவரின் போன். வீடு கட்டும் மேஸ்திரி, "எப்பா, நான் லைனைப் பிடிச்சுட்டேன், சீக்கிரம் வாங்கம்மா!" என்று வகுப்பில்லாத நாளில் பள்ளிக்கே ஓடிவந்தார். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது கியர் மாற்றுவதைவிடச் சுவாரசியமாக இருந்தது.

கேட்பவர்களுக்கும் ருசி கண்டுவிட்டது. "அந்தக் கட்டைக்குரல் அம்மா இன்னிக்கு வரலியா? ஒரு தடவை முழுசாப் பாட விடுங்களேன்" என்று வேறு யாரோ கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அறிவிப்பாளினியே, "மேடம், நிலையத்துக்கே வந்துடுங்க. என் தலை போனாலும் பரவால்ல" என்றாள்.

போனார். பழைய பிரதியைச் சரியான ஓட்டத்தில் ஒலிபரப்பினார்கள். பிறகு அவர் மைக் முன்னால் நின்று பாடினார். வயதேறிவிட்டது. ஓரிடத்தில் மூச்சு தட்டியது. நின்று, இழுத்து, அங்கிருந்தே தொடர்ந்தார். பூசிமெழுகவில்லை.

போன்கள் கொட்டின. ஒருவர் கொதித்தார்: "நாங்க ஆசையா வச்சிருந்த சிட்டுக்குருவியக் கெடுக்கறீங்க!"

"அப்படி ஒரு குருவி இல்லவே இல்லைங்க. ஒரு மெஷினை வேகமாச் சுத்தினாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு அது பிடிச்சா கேளுங்க, யாரு வேணாங்கறா? ஆனா பாடினவ குரல் அதுதான்னு சொல்லாதீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

இன்னொரு பெண் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் தன்னைப் பாட்டுக் குழுவில் சேர்க்கவில்லை, குரல் தடிப்பு என்று பின்வரிசையில் வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள் என்றாள். பிரேக்கம்மா மைக்கை நோக்கிக் குனிந்தார். "இப்ப பாடும்மா" என்றார். "இங்கயேவா?" "இங்கயேதான். எல்லாரும் கேக்கட்டும்." அவள் வெட்கப்பட்டுக்கொண்டே அடித்தொண்டையில் ஓரடி பாடினாள்.

கம்பெனியிலிருந்து மேலாளர் மறுபடி கூப்பிட்டார். 'மெதுவாக்கப்பட்ட' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பாட்டுப் பெயரும் பாடியவர் பெயரும் மட்டும் போட்டுத் தனியாக வெளியிட்டார்கள். ஆனால் மற்றதன்மேல் 'வேகமாக்கப்பட்டது' என்று எழுத இன்றுவரை மறுக்கிறார்கள். பிரேக்கம்மாவும் விடவில்லை. மாதம் தவறாமல் கூப்பிடுகிறார். "யோசிச்சீங்களா தம்பி?" என்பார். "யோசிச்சுட்டிருக்கோம் மேடம்" என்பார் அவர். "பரவால்ல, நான் காத்திருப்பேன். கூப்பிட்டுக்கிட்டும் இருப்பேன்."

இப்போதெல்லாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் காலையில் ஒரு மணிநேரம் மாடியில் பாடிப் பழகுகிறார். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் அக்காவைப் படிக்கட்டில் மறித்து, "உங்க வீட்டுல யாரோ ஒரு ஆம்பளை காலங்காத்தால பாடறாரே, கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லக்கூடாதா?" என்றார்.

அக்கா மேலே வந்து அப்படியே சொன்னாள். பிரேக்கம்மா ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு எழுந்துபோய், தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் விரியத் திறந்துவைத்தார்.