எட்டுக்கு மூன்று

போன மாதம் என் மகன் எனக்கு எட்டுக்கு மூன்று மதிப்பெண் போட்டான்.

சிவப்பில்தான். ஐந்து இடங்களில் பெருக்கல் குறி. கீழே ஒரு வட்டம், அதற்குள் 3/8. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் நோட்டுகளில் சிவப்பு மையால் எழுதியவன் நான். அதில் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியர் வேறு. எழுபத்து மூன்று வயதில் முதன்முறையாக அந்தச் சிவப்பு என் பக்கம் திரும்பியது. எப்படி இருந்தது என்கிறீர்களா? வலித்தது.

எந்தப் பாடத்தில் தோற்றேன்? கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் தேர்ந்தெடுப்பதில்.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் எனக்குத்தான்.

என் மகன் முகுந்தனுக்கு முப்பத்தெட்டு வயது. மலாக்காவின் பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், வீடும் அங்கேதான். நான் தங்கா பத்துவில் தனியாக இருக்கிறேன். காரில் அதிக நேரம் ஆகாது. ஆனாலும் தீபாவளிக்கும் என் பிறந்தநாளுக்கும்தான் வருவான். வந்தால் இரண்டே கேள்விகள் - சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா. நான் ‘ஆச்சு’ என்பேன். அதோடு சரி. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால் சமாதானம் பேசியிருக்கலாமே!

இந்தத் தீபாவளிக்கு மருமகள் ஷாமினி ஒரு விஷயம் சொன்னாள். ஞாயிறு காலையில் முகுந்தன் நண்பர்களோடு லாரி ஓட்டும் கேம் ஒன்று விளையாடுவானாம். ஆளுக்கொரு லாரி. ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மணிக்கணக்கில் சேர்ந்து ஓட்டுவார்களாம்.

“ஹெட்போனை மாட்டிட்டா அவரு வாயே மூடாது மாமா. வீட்டுல பேசாததெல்லாம் அங்கதான் பேசுறாரு.”

என் மகன் வாயே மூடாமல் பேசுகிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது! அங்கே போக எனக்கு ஒரு லாரி வேண்டும். லாரி ஓட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

கையில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட். முழுதாக வாங்கினால் விலை தாங்காது, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் கட்டுப்படியாகும் என்று தெரிந்துகொண்டேன். பாகங்கள் எட்டு. இணையத்தில் ஒவ்வொன்றுக்கும் யார் யாரோ மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பழக்கமான வேலை ஆயிற்றே... ஒவ்வொரு வரிசையிலும் அதிக மதிப்பெண் வாங்கியதாகப் பார்த்துப் பொறுக்கினேன். கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் பாதிக்கு மேல் ஒதுக்கினேன் - வகுப்பில் முதல் மாணவன் அல்லவா! மிச்சத்தில் மற்றவற்றை நெருக்கினேன். ராம் என்கிற மெமரித் தகட்டை, மஸ்ஜித் தானாவில் ஒருவர் மலிவாக விற்கிறார் என்று காரோட்டிப் போய் வாங்கியே விட்டேன்.

பட்டியலையும் அந்தத் தகட்டையும் எடுத்துக்கொண்டு மலாக்கா டவுனில் ஜமால் பாய் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்பவர், என்னைப் பல ஆண்டுகளாகத் தெரியும். பேரனுக்கா என்றார். எனக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஒரு மதர்போர்டை எடுத்து வந்து, என் தகட்டை அதன் மேல் பிடித்துக் காட்டினார். தகட்டில் வெட்டு ஓரிடத்தில் இருந்தது. போர்டில் மேடு வேறிடத்தில்.

“இது பழைய டைப்பு சார். நீங்க எழுதியிருக்கிற போர்டு புது டைப்பு. தலைகீழா நின்னாலும் போகாது லா.”

வெட்கமாக இருந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

“எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? எனக்குச் சந்தேகம் வந்தா நான் உங்க மவனைத்தானே கேப்பேன்.”

எனக்குத் தெரியாது. ஊரில் ஒரு கடைக்காரர் சந்தேகம் கேட்கும் அளவுக்கு என் மகனுக்கு ஒன்று தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பட்டியலை ஒரு தாளில் நன்றாக எழுதி, படம் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘சரியா என்று பார்’ என்று மட்டும் எழுதினேன். எதற்கு, யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அதே படம் திரும்பி வந்தது. போனிலேயே விரலால் சிவப்பில் திருத்தியிருந்தான். போர்டுக்கு எதிரே ‘வேற கம்பெனி பிராசஸருக்கு உள்ளது’. கார்டுக்கு எதிரே ‘கேசிங்ல நுழையாது. அளந்தீங்களா?’. பவர் சப்ளைக்கு எதிரே ‘பத்தாது’. கடைசியில் அந்த வட்டம்.

விட்டேனா? ஒரு நோட்டு வாங்கினேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். கார்டைச் சிறிதாக்கினேன், பவர் சப்ளையைப் பெரிதாக்கினேன். ராமை ஜமால் பாயிடமே பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் புதியதை எழுதினேன். போர்டையும், எல்லாவற்றையும் உள்ளே அடக்கும் பெட்டியான கேசிங்கையும் மாற்றினேன். இரண்டாவது பட்டியலுக்கு எட்டுக்கு ஏழு வந்தது.

அந்த ஒரு தவறு கூலர் - பிராசஸர் சூடாகாமல் இருக்க வைக்கும் விசிறி. முதல் பட்டியலில் அதற்குச் சரி போட்டிருந்தான். நான் அதைத் தொடவே இல்லை! சரியாக இருந்தது எப்படித் தவறாகும்? கோபத்தில் போனை எடுத்துவிட்டேன். தீபாவளியும் பிறந்தநாளும் இல்லாத ஒரு நாளில், பல ஆண்டுகளுக்குப் பிறகு அவனை அழைத்தேன்.

“கேசிங்கை மாத்திட்டீங்கல்ல. இது கொஞ்சம் குறுகல், கூலர் உயரம் இடிக்கும். தனித்தனியா பார்த்தா எல்லாம் நல்ல சாமான்தாம்பா. சேர்ந்து ஓடணும்ல.”

நான் அதோடு வைத்திருக்கலாம். பாழாய்ப்போன வாத்தியார் புத்தி... அரை மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“நீங்க எப்பவாவது குடுத்திருக்கீங்களா?”

அவன் சிரிக்கவில்லை. அவன் எதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். இந்த ஞாயிறு பத்தியின் நீண்ட நாள் வாசகர்கள் சிலருக்கும் தெரிந்திருக்கும்.

இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் முகுந்தன் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தான். ரிப்பேர் கடைகளில் தூக்கிப் போட்ட பாகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, இரண்டு வருடம் பொருத்தி, ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தான். அது ஓடியது. நான் உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. சோதனைத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது, அதைத்தான் பார்த்தேன். அவன் பள்ளிக்குப் போயிருந்தபோது, தெருவில் ஒலிபெருக்கியோடு வந்த பழைய பேப்பர் லாரியை நிறுத்தி, என் கையாலேயே அதைத் தூக்கி ஏற்றினேன்.

அதோடு நின்றேனா? இல்லை. அந்த வாரமே இதே பக்கத்தில், கண்டிப்பான தகப்பன் எப்படி இருக்க வேண்டும் என்று அதைப் பெருமையாக எழுதினேன். நீங்கள் பாராட்டிக் கடிதம் எழுதினீர்கள். ஒருவர் அதைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டியதாகச் சொன்னார். முகுந்தன் ஞாயிறு பேப்பரில் அதைப் படித்தான். ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தான். மேலே படி என்று நான் சொல்லியும், பரீட்சை முடிந்ததும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

தொலைபேசியில் இதையெல்லாம் பேச எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது பட்டியல் எழுதினேன். எட்டுப் பாகங்கள். அதன் கீழே ஒன்பதாவதாக ஒரு வரி: ‘உன் கம்ப்யூட்டரை நான் லாரியில் ஏற்றியது தவறு.’

அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு சரிகள் விழுந்தன - படித்துவிட்டான். நான்கு நாள் பதில் இல்லை.

ஐந்தாம் நாள் வந்தது. எட்டுக்கும் சரி. ஒன்பதாவதற்குச் சரியும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. பக்கத்தில் இரண்டே சொற்கள் - ‘திருத்தம் எங்கே?’

என்னிடம் படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. பிழை செய்தவன் எந்த நோட்டில் செய்தானோ அதே நோட்டில், அந்தப் பிழைக்குக் கீழேயே திருத்தம் எழுத வேண்டும். தனித்தாளில் எழுதி நீட்டினால் வாங்க மாட்டேன். முகுந்தனிடமும் வாங்கியதில்லை. என் பிழை நடந்தது வாட்ஸ்அப்பிலா? இங்கே... இந்தப் பக்கத்தில். எல்லாருடைய கண் முன்னாலும்.

ஆகவே, திருத்தம்.

அன்று நான் எழுதியது தவறு. அந்தக் கம்ப்யூட்டர்தான் என் மகன் விரும்பிப் படித்த படிப்பு. அதைக் கெடுத்தவன் நான். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் இரண்டு வருட உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதை ஊருக்குப் பாடமாகச் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. என் எழுத்தைப் படித்து உங்களில் யாராவது உங்கள் வீட்டில் அப்படிச் செய்திருந்தால், அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பாகங்கள் எட்டையும் வாங்கியாயிற்று. கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒன்றையும் பிரிக்கவில்லை. நீங்கள் இதைப் படிக்கும் நேரம் அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்து பெரண்டாமுக்குப் போய்க்கொண்டிருப்பேன். அவன் உள்ளே கூப்பிடுவானா என்று தெரியாது. கூப்பிடாவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன்.

முகுந்தா, கேட்டைத் திறந்து வை. பெட்டிகள் கனமாக இருக்கின்றன.