நத்தை க்ரீம் கூட்டத்தில் ஆரோக்கியமேரி

ஊத்துக்கோட்டை சந்தையில் மீன்காரர்களுக்கும் அப்பால், சாக்கடை ஓரமாக உட்கார்ந்து ஆரோக்கியமேரி நத்தை விற்றாள். ஏரியிலும் நாற்றங்காலிலும் அவளே இறங்கிப் பொறுக்கியவை. மூலத்துக்கு நல்லதென்று வாங்க வருகிறவர்கள் நத்தை என்ற சொல்லைக்கூட வாயில் வைக்க மாட்டார்கள். "அதுல ரெண்டு படி" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார்கள். இருபது வருஷமாக இந்தச் சுளித்த முகங்களையே பார்த்ததில், மனிதர்களை மதிக்கும் பழக்கம் அவளிடமிருந்து மெல்லக் கழன்றுபோயிருந்தது.

2009 ஐப்பசியில் பூவராகவன் வந்தான். கும்மிடிப்பூண்டியில் பித்தவெடிப்புக் களிம்பு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட். வெயிலில் நின்றபோதும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றாதவன்.

"எனக்கு சதை வேணாம்மா. நத்தையோட கோழை மட்டும் வேணும்."

"கோழைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"மூஞ்சில பூச க்ரீம் பண்ணப் போறோம். கொரியாவுல லேடீஸுங்கல்லாம் பூசறாங்க. சுருக்கம் போயி பளபளன்னு ஆயிடும்."

ஆரோக்கியமேரி தன் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். சேற்றுப்புண்ணும் வெடிப்பும் நிறைந்த கைகள். "இருவது வருசமா இந்தக் கோழையிலதான் கைய வெச்சிக்கினு கீறேன். எங்க பளபளக்குது, காட்டு."

அவன் இரண்டு மூட்டை நத்தைக்குச் சொல்லிவிட்டு, இறக்கிக் கொடுக்க அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

முதலாளி சடையப்பன், யாரோ ஒரு கொரிய இன்ஜினியரின் வீட்டில் நத்தை க்ரீம் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்தவர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. டப்பா அழகாயிருந்தது, அது போதும். பூவராகவன் நத்தைகளைத் தொட்டியில் கொட்டி, மேலே கல்லுப்பை வாரி இறைத்தான். இன்டர்நெட்டில் படித்தானாம். நத்தைகள் நுரை தள்ளின. நுரை பழுப்பாகி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் செத்தன. மறுநாள் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வரும் அளவுக்கு நாறியது.

"அறிவு கீதாய்யா உனுக்கு? துன்ற பொருள இப்டி சாவடிச்சிக்கீறியே! இதுக்கா படிச்சே?" என்று ஆரோக்கியமேரி கேட்டாள். பூவராகவன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவர்கள் நத்தைப் பக்கமே போகவில்லை. வெண்டைக்காயை வேகவைத்து, வழவழவென்று வந்த சாற்றை வடிகட்டி, பழைய களிம்பிலேயே கலந்து, ரோஜா சென்ட் ஊற்றினார்கள். நத்தைக் காசு பாக்கியை வாங்க வந்தபோது ஆரோக்கியமேரி அதையும் பார்த்தாள். டப்பாவின் மேல் மட்டும் தங்க ஓட்டோடு ஒரு நத்தை ஊர்ந்தது.

திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறிமுகக் கூட்டம். சுற்றுவட்டாரத்து பியூட்டி பார்லர்காரிகளுக்கெல்லாம் அழைப்பு. கூடையில் பத்து உயிர் நத்தைகளோடு மேடையில் நிற்க ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டிருந்தார்கள். நத்தைப் பண்ணைக்கு அவள்தான் பொறுப்பாளர் என்று சடையப்பன் மைக்கில் சொன்னார். அப்படி ஒரு பண்ணை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எந்தப் பைத்தியங்கள் இதைப் பூசப்போகின்றன என்று பார்க்கும் ஆசையில் வந்திருந்தாள்.

முதல் வரிசையில் சந்திரகலா. ஆரோக்கியமேரி நத்தை பொறுக்கும் நாற்றங்காலுக்குச் சொந்தக்காரி. கூடையைக் கிணற்றங்கரைக்குக்கூட கொண்டுவர விடாதவள். ஊத்துக்கோட்டையில் இப்போது பார்லர் வைத்திருந்தாள். சாம்பிள் க்ரீமைக் கன்னத்தில் தடவிக்கொண்டே எழுந்து கேட்டாள்.

"ஏய் மேரி, நீ பொய் சொல்லமாட்ட. இது நெசமாவே நம்ம கழனில கீற நத்தைதானா?"

சடையப்பன் மைக்கைக் கையால் பொத்தினார். ஆரோக்கியமேரிக்கு மைக் தேவைப்படவில்லை.

"நத்தையும் இல்ல, ஒண்ணியும் இல்ல. வெண்டிக்கா! என் நத்தைய உப்பு போட்டு சாவடிச்சிட்டு, வெண்டிக்காவ வேவ வெச்சி ஊத்திக்கீறானுங்க."

பூவராகவன் மேடையின் பின்பக்கம் நழுவினான். இனி கூட்டம் கலையும், டப்பாக்கள் மேடைக்குப் பறந்து வரும் என்று ஆரோக்கியமேரி காத்திருந்தாள்.

"அப்பாடா!" என்று சந்திரகலா நெஞ்சில் கைவைத்தாள். "அந்தக் கருமத்தத்தான் பூசிக்கினேனோன்னு பயந்தே பூட்டேன். வெண்டிக்கான்னா சரி. சார், எனக்கு ரெண்டு டஜன் போடுங்க."

"மேல நத்தைன்னு எழுதிக்கீதேக்கா?" என்றாள் பின்னால் இருந்தவள்.

"அது கஸ்டமருக்குடி. கொரியா ஐட்டம்னு சொன்னாத்தான் வாங்குவாளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் அட்டைப்பெட்டிகள் காலியாயின. ஆரோக்கியமேரி கூடையோடு அப்படியே நின்றாள். அவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துத்தான் உண்மையைச் சொன்னாள். அதை வாங்கிக்கொண்டு அடுத்தவளை ஏமாற்றக் கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் சடையப்பன் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "சூப்பரா பேசின மேரி! அடுத்த வாரம் பொன்னேரில மீட்டிங். அங்கயும் வந்து இதையே சொல்லிடு."

அவரைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தாள். "சேத்துல கீறத கைல எடுத்தா கழுவிக்கலாம். உங்கூட நின்னா எத்தப் போட்டு கழுவறது? போய்யா."

பொன்னேரிக் கூட்டத்துக்கு வேறொருத்தியைப் பிடித்துக் கூடையைக் கொடுத்தார்கள். அவளும் என்னவோ சொன்னாள், அங்கேயும் விற்றது. அன்று ஏரியில் மழைத் தண்ணீர் புதிதாக இறங்கியிருந்தது. ஆரோக்கியமேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கினாள்.